யாருடைய நிருபம் இது?
போலி மின்னஞ்சல்களைக் குறித்து ஓர் எச்சரிப்பு

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுகளில் நடக்கும் ஊழியத்தைக் குறித்தும், நோயாளிகளுக்காக ஏறெடுக்க வேண்டிய ஜெபங்களைக் குறித்தும் எழுதி வருகிறேன். இம்முறை, கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் வந்து சேரும் பொய்க் கடிதங்களைக் குறித்து எழுதுகிறேன். ஆயருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் மணியார்டராகவும் செக்காகவும் வந்த உங்கள் காணிக்கைகளில் பெரும்பங்கு இப்போது ஆன்லைனில் வருகிறது. காணிக்கை வருகிற அதே பாதையில் திருடனும் காத்திருக்கிறான். அவன் கையில் அகப்பட்டவர்கள் காவல் நிலையத்துக்குப் போகுமுன் பலமுறை சிற்றாலயத்துக்குத்தான் வருகிறார்கள்.

அப்படி வந்தவர் ஒரு சகோதரி. ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தவறாமல் தர்மப் பணிக்கு அனுப்புகிறவர். பணம் செலுத்தும் ஒரு சேவையின் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நீங்கள் கடைசியாகச் செலுத்திய தொகை போய்ச் சேரவில்லை, உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்துக்குள் விவரங்களைச் சரிபார்க்கவும்" என்று அதில் இருந்தது. காணிக்கை போய்ச் சேரவில்லையே என்ற கவலையில் அவர் அதிலிருந்த பொத்தானை அழுத்தினார். கேட்ட விவரங்களையெல்லாம் கொடுத்தார். கணவரின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அன்று மாலைக்குள் போய்விட்டது. நான்கு நாட்கள் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகனிடம்கூட. "ஆயரய்யா, பாடம் சொல்லிக் கொடுத்த நானே ஏமாந்துட்டேன்னு வெளியே சொல்ல வெட்கமா இருந்துச்சுங்க" என்றார்.

பணத்தைத் திருடியது கள்ளன். அதை மீட்கக் கூடிய நேரத்தைத் திருடியது வெட்கம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இரண்டே காரியங்கள்: கடிதத்தின் முகத்தைப் பார்த்து நம்பாதீர்கள், ஏமாந்து போனால் ஒரு மணி நேரம்கூட மறைக்காதீர்கள்.

தெசலோனிக்கேயில் நடந்தது

பொய்க் கடிதம் புதிய காரியம் அல்ல. தெசலோனிக்கே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பவுல் அப்போஸ்தலனிடமிருந்து வந்ததுபோல் தோன்றும் கடிதத்தால் விசுவாசிகள் கலங்கிவிடக் கூடாது என்று அவர் அங்கே எச்சரிக்கிறார். கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்ற பரபரப்பு அந்தச் சபையில் உண்டாகியிருந்தது.

அதற்குப் பவுல் சொன்ன பரிகாரம் இரண்டு. முதலாவது, சீக்கிரமாய் மனம் கலங்க வேண்டாம் என்றார். இரண்டாவது, 3-ஆம் அதிகாரத்தின் முடிவில், தன் கைப்பட எழுதும் வாழ்த்துதலே தன் நிருபங்கள் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் என்று காட்டினார். நம் ஊர்ப் பெரியவர்கள் பேரனைக் கொண்டு கடிதம் எழுதச் செய்து, கடைசியில் தாங்களே கையெழுத்துப் போடுவார்களே, அதுபோல. கலக்கத்தை அடக்கு, அடையாளத்தைக் கேள். இன்றைய காவல் துறையும் வங்கிகளும் நமக்குச் சொல்லும் ஆலோசனையும் இவ்வளவுதான்.

தூண்டிலின் கதை

இந்த மோசடிக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்று பெயர். மீன் பிடித்தல் என்ற சொல்லின் ஓசையை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றி உண்டாக்கிய சொல். 1990-களின் நடுவில் 'அமெரிக்கா ஆன்லைன்' என்ற இணையச் சேவையின் வாடிக்கையாளர்களிடம், அந்நிறுவன ஊழியர்களைப்போல் நடித்துக் கடவுச்சொல்லைப் பறித்தவர்கள் நடுவே இது பிறந்தது. தூண்டிலில் இரை உண்டு, முள் உண்டு. இரையை மீன் காண்கிறது, முள்ளைக் காண்பதில்லை.

பணம் செலுத்தும் சேவைகள் வந்தவுடன் தூண்டில் அங்கே திரும்பியது. 2000-ஆம் ஆண்டில் 'பேபால்' என்ற அமெரிக்கச் சேவையின் பெயரில் ஒரு மோசடி வெளிப்பட்டது. உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது என்று சொல்லி, அந்தச் சேவையின் பக்கத்தைப்போலவே அமைத்த ஒரு போலிப் பக்கத்துக்கு மின்னஞ்சல் அழைத்துச் சென்றது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'எல்' என்ற எழுத்தில் முடிகிறது. மோசடிக்காரர்கள் அதற்குப் பதிலாகப் பெரிய எழுத்து 'ஐ'யைப் போட்டிருந்தார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். தமிழில் துணைக்காலும் 'ர'வும் கண்ணை மயக்குவதுபோல.

நம் நாட்டில் இன்று பேபாலைவிட யு.பி.ஐ. செயலிகளும் வங்கிகளும்தான் இப்படிப் போலியாக்கப்படுகின்றன. 2021 ஏப்ரலில் பேபால் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றச் சேவையை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டோடு நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டுமே இங்கு இருக்கிறது. ஆகவே உள்ளூர்க் கடைக்கு நீங்கள் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேபாலிலிருந்து கடிதம் வந்தால், அது பொய் என்று அறிந்துகொள்ளலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களும், அங்கிருந்து இந்த ஊழியத்தைத் தாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வலை எப்படி விழுகிறது?

பொத்தானை அழுத்தியவுடன் உண்மையான பக்கத்தைப்போலவே ஒரு பக்கம் திறக்கும். சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அப்படியே இருக்கும்; உண்மையான பக்கத்தைப் பிரதி எடுப்பது கடினமல்ல. அங்கே நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினால் அவை திருடன் கைக்குப் போகின்றன. அவன் அதே நிமிடத்தில் அவற்றை உண்மையான பக்கத்தில் எழுதுகிறான். வங்கி தன் வழக்கப்படி உங்கள் கைபேசிக்கு ஓ.டி.பி. எண்ணை அனுப்புகிறது. போலிப் பக்கம் அந்த எண்ணையும் கேட்கிறது. "வங்கியே எண் அனுப்பியிருக்கிறதே, இது உண்மையாகத்தான் இருக்கும்" என்று நினைத்து நீங்கள் எழுதிக் கொடுத்தால், பூட்டும் சாவியும் அவன் கையில். ஓ.டி.பி. என்பது கதவின் உள் தாழ்ப்பாள். அதை உள்ளிருந்து நாமே திறந்துவிட்டால் அது நம்மைக் காக்க முடியாது.

அறிந்துகொள்ளும் அடையாளங்கள்

1. அவசரமும் பயமும். "24 மணி நேரத்துக்குள்", "உடனடியாக", "கணக்கு முடக்கப்படும்" என்ற சொற்களைக் கண்டால் நின்றுவிடுங்கள். அதற்கு மறுபக்கம் ஆசை: வருமான வரி திரும்பக் கிடைக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, யாரோ பணம் அனுப்பியிருக்கிறார்கள் என்பன. இரண்டும் நம்மை யோசிக்க விடாமல் செய்யும் தந்திரங்களே.

2. அனுப்பியவரின் முகவரி. மின்னஞ்சலில் பெரிதாகத் தெரியும் பெயரை அனுப்புகிறவர் தம் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெயரைத் தொட்டால் பின்னால் இருக்கும் முழு முகவரி தெரியும். சேவையின் பெயருக்கும் அந்த முகவரிக்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

3. இணைப்பின் முகவரி. இதை வாசிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். சிங்காநல்லூரில் ஒருவர் தம் வீட்டுக்கு 'ராஷ்டிரபதி பவன்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் கடிதம் போய்ச் சேருவது வீட்டின் பெயரால் அல்ல, கடைசியில் எழுதும் ஊராலும் 641005 என்ற பின்கோடு எண்ணாலும்தான். இணைய முகவரியும் அப்படியே. முதலாவது வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள பகுதிதான் அதன் ஊரும் பின்கோடும். வங்கியின் பெயரோ பேபாலின் பெயரோ முகவரியின் முன்பகுதியில் இருந்து, முடிவில் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது வேறொருவன் வீடு. கம்ப்யூட்டரில் இணைப்பின்மேல் சுட்டியை வைத்தாலே, அழுத்தாமல், முகவரியைப் பார்க்கலாம். பூட்டுப் படம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். நீங்கள் எழுதுவதை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்பதற்குச் சாட்சி அல்ல.

வங்கிகளைப் பொறுத்தமட்டில் இப்போது ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருந்தது. உங்கள் வங்கியின் முகவரியைப் பாஸ்புக்கின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

4. கேட்கக் கூடாததைக் கேட்பது. கடவுச்சொல், ஓ.டி.பி., பின் எண், அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண் இவற்றை எந்த வங்கியும் மின்னஞ்சலில் கேட்பதில்லை. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பணம் வருகிறது, பின் எண்ணைப் போடுங்கள் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். இந்தத் தந்திரத்துக்கு இடம் கொடுத்ததால்தான், ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யு.பி.ஐ. மூலம் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் உத்தரவிட்டது.

5. கூட வரும் இணைப்புகள். ரசீது என்றும் அழைப்பிதழ் என்றும் வரும் கோப்பைத் திறக்குமுன் யோசியுங்கள். 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பு ரசீது அல்ல. அது கைபேசியில் குடியேறும் செயலி. வாட்ஸ்அப்பிலும் இது வரும். கடிதத்துக்குள் உள்ள கியூ.ஆர். கட்டமும் ஓர் இணைப்பே. முகவரியை முகமூடி போட்டு மறைத்திருக்கிறது.

எழுத்துப் பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று முன்பு சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவின் துணையால் இன்று திருடனும் பிழையில்லாத ஆங்கிலமும் நல்ல தமிழும் எழுதுகிறான். இன்னொரு தந்திரமும் உண்டு. சேவையின் உண்மையான ஏற்பாட்டைப் பயன்படுத்தியே ஒரு பொய்யான 'பில்' அனுப்புவார்கள். அதன் குறிப்பில், "இதை நீங்கள் வாங்கவில்லையென்றால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று தங்கள் தொலைபேசி எண்ணைச் சேர்த்துவிடுவார்கள். அனுப்பிய முகவரி உண்மையானது, எண் பொய்யானது. ஆகையால் அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் போதாது.

ஆதியாகமத்தில் ஈசாக்குக்குக் குரலில் சந்தேகம் வந்தது. ஆனால் கைகளைத் தடவிப் பார்த்து, ஆட்டுத்தோலை மகனின் ரோமம் என்று நம்பினார். ஏசாவை வரவழைத்துக் கேட்டிருந்தால் போதும். அவர் சோதித்ததெல்லாம் எதிரே நின்றவன் கொண்டுவந்த சாட்சிகளையே.

எனவே ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் காட்டும் வழியில் போகாதீர்கள். நீங்கள் முன்பே அறிந்த வழியில் போங்கள். மின்னஞ்சலை மூடிவிட்டு, எப்போதும் பயன்படுத்தும் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். அல்லது அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். அல்லது திருச்சி ரோட்டிலோ காமராஜர் ரோட்டிலோ உங்கள் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். செய்தி உண்மையானால் அங்கேயும் அது இருக்கும்.

தூத்துக்குடிக்காரர் வழக்கு

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைப்பது தவறு. தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்து வந்தார். 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பித் தம் கடவுச்சொல்லைக் கொடுத்தார். அவர் கணக்கிலிருந்து சுமார் 6.46 லட்சம் ரூபாய், அதே வங்கியில் இருந்த வேறொரு நிறுவனத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி வாதிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் விசாரித்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளை வங்கி செய்யவில்லை என்று கண்டு, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. 2019-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

இதில் நமக்கு ஆறுதலும் உண்டு, பாடமும் உண்டு. ஏமாந்தவனுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பது ஆறுதல். ஆனால் 2007-ல் தொடங்கி 2019 வரை பன்னிரண்டு ஆண்டுகள்! அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் முழங்கால் அத்தனை காலம் காத்திருக்குமா?

ஏமாந்துவிட்டால்

முதல் மணி நேரம் பொன்னானது. திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுத்தால்தான் பிழைக்கும்.

முதலாவது, 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். தகவல் கிடைத்தவுடன் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குச் செய்தி போய்ப் பணத்தை நிறுத்தி வைக்க முடியும். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் போன தேதி, நேரம், தொகை, பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நெறியை வகுத்தது. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை உண்டாகும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு உண்டாகும் நஷ்டம் வங்கியுடையது என்பதே அது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

மூன்றாவது, கடவுச்சொல்லை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சலுடையதை மாற்ற வேண்டும். மற்ற எல்லாப் பூட்டுகளின் சாவியும் அதன் வழியாகவே வருகிறது. இரண்டு படிச் சரிபார்ப்பையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதுவே சாட்சி. கோவை மாநகரக் காவல் துறையின் சைபர் கிரைம் பிரிவுக்குப் போகும்போது தேவைப்படும். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

வாலிபப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திருடிய பணத்தை ஓட்டுவதற்குப் பிறர் கணக்குகள் தேவைப்படுகின்றன. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று மாணவர்களையும் வேலையில்லாதவர்களையும் கேட்கிறார்கள். கொடுத்தவன் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வரும்.

நம் காணிக்கைகளைக் குறித்து

நம் மருத்துவமனையின் பெயரிலும் பொய்க் கடிதம் வரக்கூடும். கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒருநாளும் மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம். மாறினால் இந்தப் பத்திரிகையில் அச்சிடுவோம். ஏதேனும் கடிதம் சந்தேகமாயிருந்தால், உங்களிடம் உள்ள பழைய ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். அந்த ரசீதே எங்கள் கைப்பட எழுதிய வாழ்த்துதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அன்பர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, இந்தியாவிலுள்ள எந்தத் தொண்டு நிறுவனமும் வெளிநாட்டு நன்கொடையைப் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே முதலாவது பெறலாம். வேறு கணக்கைக் கொடுத்துக் கேட்கிறவர் யாராயிருந்தாலும் அனுப்பாதீர்கள்.

வெட்கப்பட வேண்டாம்

அந்தச் சகோதரியின் பணத்தில் ஒரு சிறு பகுதியே திரும்பக் கிடைத்தது. உறவினர் உதவியாலும் மருத்துவமனையின் தர்ம நிதியாலும் கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது கைத்தடியோடு ஆராதனைக்கு வருகிறார். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தால் என்ற எண்ணம் அந்தக் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை.

திருடன் அவரைப் பிடித்தது அவருடைய முட்டாள்தனத்தைக் கொண்டு அல்ல. காணிக்கை சேர வேண்டுமே என்ற அவருடைய பாரத்தைக் கொண்டு. எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவனை நோக்கி, நீ ஏன் அந்த வழியாய் வந்தாய் என்று நல்ல சமாரியன் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. உங்கள் வீட்டில் வயதான தாயோ தகப்பனோ ஏமாந்து வந்து நின்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொள்வார்கள் என்ற பயமே அவர்களை மறைக்கச் செய்கிறது. முதலில் 1930-ஐ அழையுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

இந்தக் கட்டுரையை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். மின்னஞ்சல் பார்க்கத் தெரியாத பெரியவர்களும் கேட்கட்டும். இப்படி ஏமாற்றப்பட்டு மனம் நொந்திருக்கும் குடும்பங்களுக்காகவும், சைபர் கிரைம் பிரிவில் உழைக்கும் காவல் துறையினருக்காகவும், இந்தத் தொழிலில் சிக்கிக்கொண்ட வாலிபர் மனந்திரும்பவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்
சிங்காநல்லூர், கோயமுத்தூர்